சைனைட் மேட்டில் ஓடிய பேய்

பேய் மேட்டில் ஏறி ஓடியபோது ஹாலே கை தட்டியது.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் எங்கள் கிளப் ஹால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல்களில் கம்பளிகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே காற்று இல்லை. பீடி, கனகாம்பரம், யாரோ மடியில் வைத்து உடைத்துக்கொண்டிருந்த வேர்க்கடலை, எல்லாம் கலந்து மூக்கில் ஏறியது. மேசை மேல் மேசை போட்டு அதன் உச்சியில் ஒரு டி.வி. அதில் எங்கள் சைனைட் மேடு. ஹெல்மெட் போட்ட பேய் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, அந்தச் சாம்பல் மேட்டில் விறுவிறுவென்று ஏறியது.

"டேய் தேவராஜு! இன்னா ஓட்டம்டா இது!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார்.

முன்வரிசையில் இரும்பு நாற்காலியில் இருந்த தேவராஜ் அண்ணன் திரும்பினார். கத்தினவரைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், ரேஷன் கடையில் நான் போட்ட சண்டையைப் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர், "கௌதமி அம்மா, உங்களைப் போலத் தைரியமான பெண்கள் வேண்டும்" என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ரேஷன் கடைக்காரனிடம் கத்துவதற்கு என்ன தைரியம் வேண்டும்? அவனால் என்னை என்ன செய்ய முடியும்? நஷ்டம் வரும் என்று தெரிந்த இடத்தில் வாயைத் திறப்பதுதான் தைரியம். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் நான் என்ன செய்தேன் என்று இந்த வாரம் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் கடிதம் போடுங்கள்.

பேயை நம்பாத வீடு

எங்கள் வீடு பௌத்த வீடு. நைனாவின் தாத்தா காலத்திலிருந்தே. மைன் வேலைக்கு வந்தவர்களில் சில குடும்பங்கள் அப்போதே புத்தரிடம் போய்விட்டன. நைனாவுக்கு அண்டர்கிரவுண்டில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சங்கத்துக்குப் போய், "பேய் இல்லை, பிசாசு இல்லை, பயம்தான் உண்டு" என்று பேசுவார். நன்றாகப் பேசுவார். லைனில் யார் வீட்டுப் பெண்ணுக்காவது சாமி வந்தால், நைனா வாசலில் போய் நின்று, "ஒரு டம்ளர் மோர் குடுங்க, சரியாப் பூடும்" என்பார். இதனால் அவருக்குப் பாதி ஸ்கெலட்டனில் பகை.

இந்த மனிதருக்கு நான் மகள். எனக்குப் பேய்ப் படம் என்றால் உயிர்.

நல்ல பேய்ப் படம் இல்லை. மட்டமான பேய்ப் படம். ரப்பர் முகமூடி கழுத்தில் மடிந்து தெரியவேண்டும். பறந்து வரும் மண்டை ஓட்டுக்கு மேலே நூல் தெரியவேண்டும். பாழடைந்த பங்களாவில் டியூப் லைட் எரியவேண்டும். இந்தியில் எடுத்ததைத் தெலுங்கில் பேசவைத்து, அதைத் தமிழில் பேசவைத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது. பேய் வாயைத் திறக்கும் ஒரு பக்கம், குரல் வரும் இன்னொரு பக்கம். இதையெல்லாம் பார்த்து நான் சிரிப்பேன், ஆனால் பயமும் இருக்கும். சிரிப்பும் பயமும் ஒரே சமயத்தில் வயிற்றில் இருப்பது ஒரு சுகம். அது தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி செல்வராஜ் அண்ணன் வீடு. கல்யாண வீடியோ எடுப்பவர். முன் அறையில் கேசட் வாடகைக்கு விடுவார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேசட்களுக்கு லேபிள் எழுதக் கூப்பிடுவார். கூலிக்குப் பதில் படம். திரை போட்டுவிட்டு அவர் மனைவியும் நானும் உட்கார்ந்து பார்ப்போம். வீட்டில் கேட்டால் டைப்ரைட்டிங் என்பேன். ராபர்ட்சன்பேட்டையில் இருந்த அந்த டைப்ரைட்டிங் வகுப்புக்கு நான் போன நாட்கள் குறைவு. பாஸ் பண்ணினது எப்படி என்று இன்றும் தெரியாது.

கேசட் வாங்க வந்தவர்

அந்த முன் அறைக்கு வாரம் இரண்டு தடவை வருவார் தேவராஜ் அண்ணன். நாற்பத்திரண்டு வயது என்பார். பார்த்தால் அறுபது. பதினெட்டு வருஷம் அண்டர்கிரவுண்டில் பாறை துளைத்தவர். கல் தூசி நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இனிக் கீழே இறங்கவேண்டாம் என்று மேலே லேம்ப் ரூமில் வேலை கொடுத்திருந்தார்கள். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு ஹெல்மெட் விளக்கை எடுத்துக் கொடுப்பது, ஏறி வருகிறவர்களிடம் வாங்கி வைப்பது. உட்கார்ந்தே செய்யலாம். அந்த நாற்காலிதான் அவருக்கு உயிர்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது படத்தைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போகமாட்டார்.

"பேய் நல்லாப் பண்ணிச்சும்மா. ஹீரோதான் ஒதவாக்கரை."

"அண்ணே, ஒரு நாளைக்குச் சிரிப்புப் படம் எடுத்துட்டுப் போங்களேன். எப்பப் பார்த்தாலும் பேயா?"

"சிரிச்சா இருமல் வருது கௌதமி. இருமல் வந்தா நிக்காது. பேய்ப் படம்னா மூச்ச அடக்கிகினு சும்மா உக்காந்துக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்து, இருமி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முள்ளங்கிப் பல்

செல்வராஜ் அண்ணனுக்குத் தானே ஒரு படம் எடுக்கவேண்டும் என்று ஆசை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை மோதிரம் மாட்டுவதை எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தார். கையில் கேமரா இருக்கிறது. கதையை நான்தான் எழுதினேன். 'கடைசி கேஜ்' என்று பேர். மைனில் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் இரும்புக் கூண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர். ஷிப்ட் முடிந்து கடைசி கேஜைத் தவறவிட்ட ஒருவன் பாறை வெடித்துச் செத்துப்போகிறான். பல வருஷம் கழித்து, சைனைட் மேட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, கேஜ் எங்கே கேஜ் எங்கே என்று எல்லோர் கழுத்தையும் பிடிக்கிறான். இருபத்திரண்டு நிமிஷப் படம். கதை என்று இவ்வளவுதான்.

பேயாக யார் என்று பேச்சு வந்தபோது, கேசட் திருப்பித் தர வந்த தேவராஜ் அண்ணனைச் செல்வராஜ் அண்ணன் ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டிப்போன கன்னம். உள்ளே போன கண்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க..." என்று இழுத்தார்.

"இன்னாத்துக்கு கோச்சிக்கறது? மேக்கப் செலவு மிச்சம்னு சொல்லேன்" என்றார் அவர்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து, இது பேய்க்கு ஆகும் என்று நினைத்தோம். அதை அவரே சொல்லும்படி வைத்தோம். இது முதல் வெட்கம். எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்த நாட்கள் சந்தோஷமான நாட்கள். பொய் சொல்லமாட்டேன். ரத்தத்துக்கு ரோஸ் சிரப் கலந்தோம். எறும்பு மொய்த்துவிட்டது. பேய்ப் பல்லை முள்ளங்கியில் செதுக்கினோம். வெயிலில் காத்திருந்து பசித்துப்போய் தேவராஜ் அண்ணன் ஒரு பல்லைத் தின்றுவிட்டார். இருட்டில் எடுக்க எங்கள் கேமராவுக்குச் சக்தி இல்லை. அதனால் பட்டப்பகலில் எடுத்து, லென்ஸ் முன்னால் நீலக் கண்ணாடித்தாள் பிடித்தோம். அதில் நிலா வெளிச்சம் வரவில்லை. எல்லோரும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்ததுபோல் இருந்தார்கள். அதையும் ரசித்தோம்.

மேட்டின் அடியில்

சைனைட் மேடு என்பது தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல் மாவு. நூறு வருஷ மாவு. ஊருக்கு நடுவில் மலை மலையாக நிற்கும். ஆடி மாசம் காற்றடித்தால் சோற்றில் விழும், கண்ணில் விழும், துவைத்துக் காயப்போட்ட துணியில் விழும். நெஞ்சு கெட்ட ஓர் ஆளை அந்தத் தூசியில் அரை நாள் நிறுத்திவைத்தோம். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "ரெடி, ரெடி" என்றார் அவர். யாருக்கும் உறைக்கவில்லை. மைன் ஊரில் பிறந்த எங்களுக்கே உறைக்கவில்லை. நைனாவுக்கு உறைத்திருக்கும். அவரிடம்தான் சொல்லவில்லையே.

கடைசிக் காட்சி, பேய் மேட்டின் மேலே ஏறி ஓடி மறையவேண்டும். தேவராஜ் அண்ணன் கையை விரித்துக்கொண்டு கிளம்பினார். பத்து அடி போனார். உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. அது கண்ணாடித்தாளால் வந்த நீலம் இல்லை.

"முடியலப்பா" என்றார். மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

செல்வராஜ் அண்ணனும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் தொப்பை. நான் ஒல்லி, உயரம் தேவராஜ் அண்ணன் அளவு. ஸ்கூலில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள்.

"முதுகுதான் தெரியப்போவுது. நான் ஓடறேன்" என்றேன்.

அன்றைக்குத் துணைக்கு வரவேண்டிய செல்வராஜ் அண்ணன் மனைவி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. நாலு ஆண்கள், ஒரு பெண். பாறை மறைவில் போய், பாவாடை தாவணி மேலேயே தேவராஜ் அண்ணனின் காக்கிச் சட்டையையும் பேன்ட்டையும் மாட்டினேன். சட்டையில் மருந்து வாசனை. கொண்டையை ஹெல்மெட்டுக்குள் திணித்தேன். கம் பூட்ஸில் துணி அடைத்துக்கொண்டேன். மூன்று தடவை ஓடினேன். மேட்டு மாவில் முழங்கால் வரை கால் புதைந்தது. மூன்றாவது தடவை உச்சிக்கே போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் கேஜ் இறங்கும் ஷாஃப்டுகளின் இரும்புக் கோபுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மூச்சோடு, யாருக்கும் பதில் சொல்லவேண்டியில்லாமல் நின்ற நாள் அது ஒன்றுதான்.

கீழே தேவராஜ் அண்ணன் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பேரப் போடக்கூடாதுண்ணே" என்று செல்வராஜ் அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன். பங்காருபேட்டையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார்"

படத்தைக் கிளப் ஹாலில் போட்ட அன்றைக்கு எனக்கு நிச்சயம் ஆகிப் பத்து நாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் விருந்துக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், "இங்க ஏதோ படம் போடறாங்களாமே" என்றார் அத்தை. நைனா முகத்தைச் சுளித்துக்கொண்டே கூட்டிப்போனார். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்தார்.

"பேய் இன்னாமா ஓடுது பாரேன்!" என்று என் கையை அமுக்கினார்.

சார்ட் பேப்பரில் எழுதிய பேர்கள் டி.வி.யில் வந்தன. 'பேய் – தேவராஜ்' என்று முதல் வரி. கம்பளிகளைக் கழற்றினார்கள். வெயில் உள்ளே விழுந்தது. எல்லோரும் தேவராஜ் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் முதுகில் தட்டினார், ஒருத்தர் கை கொடுத்தார். அவருடைய மனைவி சரோஜா அக்கா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டைம் ஆபீஸ்காரர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். யார் எந்த ஷிப்ட், யார் எங்கே வேலை என்று எழுதுகிற ஆபீஸ். அவர் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏம்ப்பா தேவராஜ், மேட்டுல ஏறி ஓடனது நெசமாவே நீயா?"

எல்லோருக்கும் அது புகழ்ச்சியாகப் பட்டது. எனக்குப் படவில்லை. தேவராஜ் அண்ணனுக்கும் படவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அத்தை இன்னும் என் கையைப் பிடித்திருந்தார்.

ஒரு வார்த்தை. 'ஓடினது நான்.' அவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. சொல்லியிருந்தால், நாலு ஆம்பளைகளோடு பேன்ட் மாட்டிக்கொண்டு மேட்டில் ஓடின பெண் என்று என் கல்யாணம் அங்கேயே நின்றிருக்கும். நைனா சங்கத்தில் தலைகாட்ட முடியாமல் போயிருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

"நான்தான் சார்" என்றார் தேவராஜ் அண்ணன்.

"அட! மூச்சு வாங்குதுன்னு லேம்ப் ரூம்ல நாற்காலி வாங்கின ஆளு, சைனைட் மேட்ட ஏறி ஓடறான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜ் அண்ணனும் சிரித்தார், இருமல் வராத அளவுக்கு.

நானும் சிரித்தேன். அத்தை சிரித்ததால் சிரித்தேன்.

ஒன்றரை மாதம்

எட்டாம் நாள் அவரை மறுபடி அண்டர்கிரவுண்டுக்குப் போட்டுவிட்டார்கள்.

செல்வராஜ் அண்ணன் எங்கள் வீட்டுப் பின்பக்கம் குழாயடிக்கு வந்தார். நான் குடத்தோடு நின்றிருந்தேன்.

"கௌதமி, நான் டைம் ஆபீஸ்ல போயி சொல்லிடறேன். ஓடனது அவரு இல்லன்னு."

"அப்ப யாருன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்கதான்."

"கல்யாணம் முடியட்டும்ணே."

"இன்னும் ஒன்றரை மாசம் கீதும்மா."

"ஒன்றரை மாசத்துல என்னண்ணே ஆகப்போவுது?"

இந்தக் கடைசி வரியை நான் சொன்னேன். நான்தான். தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னேன். குடம் நிறைந்து வழிந்தது, அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். ஹாலில் வாயை மூடிக்கொண்டிருந்ததையாவது பயம் என்று சொல்லலாம். குழாயடியில் சொன்னதற்கு அந்தப் பேர் கிடையாது. யோசித்து, கணக்குப் போட்டு, ஓர் ஆளைக் கீழே அனுப்பினேன்.

தினமும் காலையில் ஷிப்டுக்கு மைன் சங்கு ஊதும்போது எங்கள் வாசல் வழியாகத்தான் அவர் போவார். முன்பெல்லாம் நேராக நடந்து போவார். இப்போது எங்கள் வீட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மூன்று இடத்தில் நின்றார். நான் ஜன்னல் வழியாக எண்ணினேன். எண்ணுவதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

நைனா ஒரு நாள் சாப்பிடும்போது, "தேவராஜு கேஜ்ல நிக்க முடியாம உக்காந்துடறான். இவனுக்கு இன்னாத்துக்கு சினிமா? ஓடறானாம் ஓட்டம்! தன் தலையில தானே மண்ணப் போட்டுகினான்" என்றார். ஊரும் அப்படித்தான் பேசியது. புகழுக்கு ஆசைப்பட்டு நாற்காலியை இழந்த முட்டாள் என்று. நான் நைனாவுக்கு ரசம் ஊற்றினேன்.

கல்யாணத்துக்குத் தேவராஜ் அண்ணன் வந்தார். பந்தியில் உட்காரவில்லை, மூச்சு வாங்குகிறது என்று வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மாலையோடு போய் நின்றேன். "நல்லா இரும்மா" என்றார். கல்யாணம் முடிந்துவிட்டது. இனிச் சொல்லலாம். சொல்லவில்லை. புது வீடு, புது ஊர், கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

செல்வராஜ் அண்ணன்தான் பொறுக்காமல் ஆபீஸுக்குப் போனார். என் பேரைச் சொல்லாமல், "கேமராவில் செய்த வேலை, அவர் ஓடவில்லை" என்று என்னத்தையோ சொல்லிப் புரியவைத்து, மூன்றாவது மாதம் லேம்ப் ரூம் நாற்காலியைத் திரும்ப வாங்கிவிட்டார். போய் உட்காரத் தேவராஜ் அண்ணனால் முடியவில்லை. படுத்துவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

"எப்படியும் போயிருப்பார், நெஞ்சு அப்படி" என்று எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயை மூடுங்கள். எப்படியும் போகிறவரை அந்த ஒன்றரை மாதம் உட்காரவாவது விட்டிருக்கலாம்.

சாப்பாட்டுத் தட்டு

சாவுக்குப் போய்விட்டு பங்காருபேட்டைக்குத் திரும்பிய அன்றைக்கு என் புருஷனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டை விட்டுப் போ என்பார் என்று துணிகளைக்கூட மனசுக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

"அந்தப் பேயா? நீயா அது?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா."

"நல்லா ஓடினியே!" என்றார். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

ஊற்றினேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இந்த மனிதர் கொஞ்சம் கத்தியிருக்கக் கூடாதா? தட்டைத் தூக்கி எறிந்திருக்கக் கூடாதா? அப்படிச் செய்திருந்தால், பயந்ததற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். எதற்குப் பயந்து ஒருவரைக் கீழே அனுப்பினேனோ, அந்தப் பயம் ஒரு கரண்டி குழம்புக்குக்கூடத் தாங்கவில்லை. அவரிடம் நான் முன்னாலேயே கேட்டிருக்கலாம். நிச்சயமாகிப் பத்து நாளே ஆன மாப்பிள்ளை என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாதுதான். கேட்காமலே தெரிந்ததுபோல நடந்துகொண்டேன்.

சரோஜா அக்கா

சரோஜா அக்காவிடம் போக இன்னும் வருஷங்கள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் மைனையே மூடிவிட்டார்கள். சங்கு நின்றுபோன ஸ்கெலட்டனில் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், பகல் பதினொரு மணிக்கு.

அக்கா கல்யாண வீடுகளுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வா கௌதமி, உக்காரு" என்றார்.

உட்காரவில்லை. "அக்கா, அந்தப் படத்துல மேட்டுல ஓடினது அண்ணன் இல்லக்கா" என்றேன்.

அவர் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"செல்வராஜ் அண்ணன் சொன்னாரா?"

"அவரு எதுக்குச் சொல்லணும்? இருபது வருஷம் கூட வாழ்ந்தவ, எம் புருஷன் முதுகு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஹால்லயே பார்த்தேன். ஓடனது பொம்பள புள்ளன்னு தெரிஞ்சுது. உன்ன திரும்பிப் பார்த்தேன். நீ தலைய குனிஞ்சுகினு இருந்த."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"வூட்டுக்கு வந்ததும் சண்ட போட்டேன். ஏன்யா பொய் சொன்ன, இப்பவே போயி சொல்லுன்னு. அவரு கேக்கல. 'அந்தப் பொண்ணுக்கு சம்பந்தம் கூடி வந்துகீது. கெடுக்கக்கூடாது. அது நம்ம லைன் பொண்ணு, கண்ணாலம் ஆனதும் அதுவே வந்து சொல்லிடும்'னாரு." அக்கா மாவை உருட்டி வைத்தார். "படுத்துகினு இருந்தப்பகூட யாராவது கதவத் தட்டனா, கௌதமியா பாருன்னுவாரு."

நான் அழுதேன். சத்தமாக அழுதேன்.

"இங்க அழாத" என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு இன்னாத்துக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஊரு அவர இன்னைக்கும் பைத்தியக்காரன்னுதான் சொல்லுது. சினிமாவுக்கு ஆசப்பட்டு செத்தான்னு எம் பொண்ணே சொல்றா. சொல்ல வேண்டிய எடத்துல போயி சொல்லு."

எழுந்து டைம் ஆபீஸுக்குத்தான் நேராகப் போனேன். பூட்டியிருந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், மேசை நாற்காலி எதுவும் இல்லை. கிளப் ஹாலுக்குப் போனேன். அங்கேயும் பூட்டு. அன்றைக்குக் கை தட்டினவர்கள் பாதிப் பேர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். மீதிப் பேரிடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு வீட்டில் சொன்னேன். மூன்றாவது வீட்டு வாசலில் கால் நின்றுவிட்டது. பஸ் ஏறிவிட்டேன்.

இந்தப் பத்திரிகை இன்னும் அந்த ஊருக்குப் போகிறது. ஓசூருக்கும் போகிறது, பெங்களூருக்கும் போகிறது. தேவராஜ் அண்ணனின் மகள் எங்கே இருந்தாலும் யாராவது அவளிடம் இதைக் கொடுங்கள்.

அம்மா, உன் அப்பா சினிமாவுக்கு ஆசைப்பட்டு ஓடவில்லை. ஓடவே இல்லை. ஓடியது நான். அவர் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது.